வடக்கே பார்த்துப் பூசிய ஆன்டெனாவைத் தெற்கே திருப்பக் கோரும் மனு

அனுப்புநர்
ச. மதலேனம்மாள்,
(காலஞ்சென்ற) சவரிமுத்துவின் மனைவி,
சத்துணவு அமைப்பாளர்,
சவேரியார் கொட்டாய்,
பாப்பாரப்பட்டி வழி,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: ஊர்ப் பொது டி.வி.யின் ஆன்டெனாவைப் பெங்களூர்ப் பக்கம் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டது – பழையபடி திருப்ப வழி செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊராட்சி அறையில் அரசு கொடுத்த டி.வி. இருக்கிறது. ஆன்டெனாக் குழாயைத் தெற்கே திருப்பினால், அந்தப் பக்க மலைமேல் உள்ள டி.வி. கோபுரம் வழியாகச் சென்னை நிகழ்ச்சி வரும். வடக்கே திருப்பினால் பெங்களூர். ஊரில் தமிழ் பேசுவோரும் உண்டு, கன்னடம் பேசுவோரும் உண்டு. இதனால் சண்டை வந்ததில்லை. குழாயைத் திருப்புவது நஞ்சப்பன் வேலை. அவர் வீட்டில் கன்னடம்தான்.

2. என் ஒரே மகன் கஸ்பார், சித்தம் சற்றுக் கலங்கியவன், சென்ற ஆண்டு ஒகேனக்கல் பஸ்ஸில் ஏறிப் போனவன் திரும்பவில்லை. காவல் நிலையத்தில் போட்டோவை வாங்கிக்கொண்டு, டி.வி.யில் காட்டுவார்கள், பார்த்துக்கொண்டிருங்கள் என்றார்கள். அன்று முதல் காணாமல் போனவர்கள் அறிவிப்பை நான் தவறவிட்டதில்லை. பெங்களூரில் எவ்வளவு நல்ல பாட்டு ஓடினாலும், அந்த நேரத்துக்கு நான் வாய் திறக்குமுன் நஞ்சப்பன் எழுந்து தெற்கே திருப்பிவிடுவார்.

3. கடந்த மாசியில், மக்கள் எப்போது எந்த நிலையத்துக்கு மாற்றிப் பார்க்கிறார்கள் என்று குறித்துப் போக ஓர் ஆய்வாளர் வந்து சில நாள் தங்கினார். கன்னடக்காரர். "வந்த மனுசன் ஒண்ணும் புரியாம குந்தியிருந்தா நமக்குத்தானுங்க கேவலம்" என்றார் நஞ்சப்பன். ஊரும் ஒத்துக்கொண்டது. அவர் உள்ளே வந்தால் வடக்கே திருப்பினோம். பீடி பிடிக்க வெளியே போனால் தெற்கே. அறிவிப்பு நேரத்தில் வேளாங்கண்ணி அவரைத் தன் டீக்கடைக்கு அழைத்துப் போய் உபசரித்தார். அவர் கண்ணில் பட்டதெல்லாம் பெங்களூர்தான்.

4. இந்த ஊர் மக்கள் தமிழ் நிகழ்ச்சி தொடங்கினாலே பெங்களூருக்கு மாற்றிவிடுகிறார்கள் என்று அறிக்கை போனதாம். அடிக்கடி திருப்பினால் ஒயர் அறுகிறது என்று சொல்லி, ஆட்கள் வந்து குழாயை வடக்கே நிறுத்தி அடியில் சிமெண்ட் பூசிப் போனார்கள். வந்த ஆட்களிடம் நியாயம் கேட்டதற்கு, "நீங்க விரும்பித்தானங்க திருப்புனீங்க, எழுத்துல இருக்குதுங்கம்மா" என்று பதில். ஒருவரையும் வாய் திறந்து கேட்காமலே ஊர் விருப்பத்தைக் கண்டுபிடித்த அந்தப் படிப்பை நான் மெச்சுகிறேன். விருந்தாளியை மதித்ததற்கு எங்களுக்கு நல்ல கூலி கிடைத்தது.

5. நஞ்சப்பன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அரசுச் சொத்து, கேஸ் ஆகிவிடும் என்று நான்தான் தடுத்தேன். அதன் பிறகு அவர் டி.வி. பக்கமே வருவதில்லை. நான் பாப்பாரப்பட்டியில் டி.வி. உள்ள ஒரு வீட்டு வாசலில் போய் நின்று பார்த்துவந்தேன். கொஞ்ச நாளில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. தினமும் ஒருத்தி வந்து நின்றால் யாருக்கும் எரிச்சல்தான்.

6. ஆகவே, அந்தச் சிமெண்டை உடைக்க உத்தரவிடும்படி வேண்டுகிறேன். உத்தரவு வந்து சேர நாளாகும் என்பது எனக்குத் தெரியும். அதுவரை ஓர் உதவி. தங்கள் பங்களாவில் சென்னை தெளிவாகத் தெரியும் என்கிறார்கள். அறிவிப்பு நேரத்தில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வயது பத்தொன்பது, மாநிறம், மேலுதட்டில் வெட்டுத் தழும்பு. அடையாளம் தெரியாத பிணம் என்று காட்டினாலும் மறைக்காமல் சொல்லி அனுப்புங்கள். நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இடம்: சவேரியார் கொட்டாய்
நாள்: 6.6.1988

இப்படிக்கு,
ச. மதலேனம்மாள்