திருப்பிப் போட்டுப் பார்த்தவளுக்கு

நேற்று பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற லேப்டாப் கடையில் ஒரு அம்மா, மேசை மேல் இருந்த புது லேப்டாப்பை எடுத்துக் கவிழ்த்துப் போட்டார். திரையைப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்க்கவில்லை. அடிப்பக்கத்தைத் தடவி, ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுவிட்டுக் கேட்டார்.

“இத கழட்டலாங்களா?”

எனக்கு நீதான் ஞாபகத்துக்கு வந்தாய். அந்தக் கேள்விக்கு வேறு யார் வருவார்கள்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்தார்கள், அம்மாவும் மகளும். மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறதாம். அவளுக்கு ஒல்லியான ஒன்றின் மேல் கண். அம்மா அசையவில்லை. “வீட்ல இருந்த போன் பேட்டரி உப்பிக்கினு போச்சி. உள்ள ஒட்டி வெச்சிருக்குது, ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. இதுவும் நடுவுல அப்டி ஆச்சின்னா இவ எதுல படிப்பா? நாலு வருஷம் தாங்கணுங்க” என்றார். கடைக்காரர் சிரிக்கவில்லை. “கழட்டலாம்மா. ரேம் ஏத்திக்கலாம், பேட்டரி மாத்திக்கலாம், இன்னொரு டிஸ்க் போடவும் எடம் இருக்குது. இப்பல்லாம் வர்றவங்க மொதல்ல இதத்தான் கேக்கறாங்க” என்று சொல்லி, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து வெளியே வைத்தார்.

இதே ஊரில் இதே கேள்வியை நீ கேட்ட அன்று கடையே சிரித்தது. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

அப்போது வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே அந்த ஒற்றை அறையை நாம் எடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ‘தட்டச்சு, ஜெராக்ஸ், மனு எழுதித் தரப்படும்’ என்று போர்டு. ஹையர் தட்டச்சு ஒரே நாளில் எழுதி ஒன்றாகப் பாஸ் செய்த இரண்டு பேர். அந்தத் தைரியத்தில் ஆரம்பித்த கடை. பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி மக்கர் பண்ணியதால் லேப்டாப் வாங்கப் போனோம். நான் கண்ணாடி மாதிரி பளபளப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, நீ ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் போட்டு ஸ்க்ரூ எண்ணிக்கொண்டிருந்தாய்.

“மேடம், தெறந்தா வாரண்டி போயிடும்” என்றார் அன்றைய விற்பனையாளர்.

“தெறக்கவே கூடாதுன்னா அது என்னுது எப்டிங்க ஆவும்?” என்றாய்.

அவர் என்னைப் பார்த்தார், இவரைக் கொஞ்சம் அழைத்துக்கொண்டு போங்கள் என்பதுபோல. எனக்கு மானம் போனது. வெளியே வந்து உன்னைத் திட்டினேன். நீ அலட்டிக்கொள்ளவில்லை. “எங்க வீட்ல கழட்டாத சாமான்னா சாமி படம் ஒண்ணுதான்டி. பம்பு செட்டு மோட்டார வருஷத்துக்கு ரெண்டு தடவ பிரிச்சிப் போடுவோம். ஓடறது ஓடிக்கினேதான் இருக்கணும்னா பிரிக்கத் தெரியணும்” என்றாய். பிறகு மூன்று கடை ஏறி இறங்கி, கறுப்பாக, கனமாக, யாரும் சீண்டாத ஒன்றை வாங்கினாய். அதற்கு எருமை என்று பெயர் வைத்தது நான்தான். “எருமதான் பால் ஜாஸ்தி குடுக்கும்” என்று நீயும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ அதை முதல்முதலாகத் திறந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. தரையில் தினசரித் தாளை விரித்து, அதன் மேல் எருமையின் படத்தை வரைந்து, எந்த ஓட்டையில் கழற்றிய ஸ்க்ரூவோ அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு போனாய். தாள் பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டாய். அக்னி நட்சத்திர வெயிலில் நாம் இரண்டு பேரும் வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தோம். விரல் நீளத்துக்கு ஒரு ரேமைப் பொருத்தி, அது ‘டக்’ என்று உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாயே, உன் கல்யாணப் போட்டோவில்கூட அப்படிச் சிரித்ததில்லை. அதன் பிறகு எருமைக்கு வேகமான டிஸ்க் வந்தது, பேட்டரி வந்தது, எழுத்தெல்லாம் தேய்ந்துபோன விசைப்பலகைக்குப் பதில் வேறு வந்தது. கழற்றிய பழைய டிஸ்க்கைக்கூட ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேலே தேதி எழுதி ஒட்டி வைத்துக்கொண்டாய்.

சில வருடம் கழித்து எனக்கு ஆசை வந்தது. கலெக்டர் ஆபீஸுக்கு வருகிற அதிகாரிகள் கையில் தட்டு மாதிரி ஒல்லியான லேப்டாப் ஒன்றை வைத்துக்கொண்டு போகிறார்கள். நம் மேசையிலும் அப்படி ஒன்று இருந்தால் நாலு பேர் மதிப்பார்கள் என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லாமலே போய் வாங்கி வந்தேன். நீ கையைத் துடைத்துக்கொண்டு வந்து அதை வாங்கிக் கவிழ்த்தாய். அடியில் ஒரு ஸ்க்ரூகூடக் கண்ணில் படவில்லை.

“இது பொட்டி இல்லடி. சீல் வெச்ச கவர்” என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

எனக்கு வந்த கோபத்தில், உனக்கு நல்லதாக எதையும் வாங்கவும் தெரியாது, வாங்குகிறவர்களைப் பார்க்கவும் பொறுக்காது என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். ஒரு வாரம் நாம் பேசிக்கொள்ளவில்லை. ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து, டீ வந்திருக்கிறது என்பதைக்கூட டீக்கடைக்காரர் மூலமாகச் சொல்லிக்கொண்டோம்.

அப்புறம் சரியானது. வேலையைப் பிரித்துக்கொண்டோம்: மனு எழுதுகிறது நீ, அடிக்கிறது நான், ஒற்றுப்பிழை பார்க்கிறது மறுபடியும் நீ. சிவப்பு மையில் சுழித்த நகல்களைக் கட்டி அலமாரியில் போட்டு வைப்பாய். மாதிரி மனுக்கள் எல்லாம் என் புது லேப்டாப்பில் சேர்ந்தன. பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், வண்டிப் பாதை, வாரிசுச் சான்று, எந்தக் கிராமம் எந்தப் பிர்க்கா என்ற பட்டியல், எல்லாமே. அதை வைத்துத்தான் திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் அவ்வளவு கூட்டத்தையும் நம்மால் சமாளிக்க முடிந்தது. “வேற எங்கியாவது காப்பி எடுத்து வெச்சியா?” என்று நீ கேட்பாய். “ம்” என்பேன். எடுக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன்.

பௌர்ணமியும் திங்கட்கிழமையும் சேர்ந்து வந்த ஒரு நாளில் என் லேப்டாப் உயிரை விட்டது. கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். சனங்கள் நடந்து வந்து நம் வாசலில் நிற்கிறார்கள். நான் பொத்தானை அழுத்துகிறேன், அழுத்திக்கொண்டே இருக்கிறேன். நீ எருமையைத் திறந்து, ஒவ்வொரு மனுவையும் முதல் வரியிலிருந்து அடிக்க ஆரம்பித்தாய். மறுநாள் சர்வீஸ் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். “எல்லாம் மதர்போர்டுலயே ஒட்டிக்கினு இருக்குதுக்கா. டிஸ்க்க தனியா எடுக்க முடியாது. போர்டு போச்சின்னா எல்லாமே போச்சி” என்றார் சர்வீஸ்காரர்.

உன்னிடம் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? “சர்வீஸ்ல வெச்சிருக்காங்க, வந்துடும். எப்டியும் காப்பி வீட்ல இருக்குது” என்றேன். தேடி எடுத்து வருகிறேன் என்று தினமும் ஒரு சாக்கு. சோறு இறங்கவில்லை எனக்கு. அந்தக் கோப்புகள் இல்லாவிட்டால் கடை இல்லை. என் வறட்டு ஜம்பத்தால் உன் பிழைப்பையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேன் என்று தெரியும். உன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அந்த நாட்களில் நீ மதியம் மூன்று மணிக்கே கிளம்பிவிடுவாய். ஊரில் கடலை பறிக்கிறார்கள், ஆள் இல்லை என்றாய். நான் எரிந்து விழுந்தேன். “இங்க தலைக்கு மேல வேல கெடக்குது, உனக்குக் கடலதான் பெருசா போச்சா?” என்றேன். தோளில் கனமான பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாய். மூன்றாவது வாரம் வந்து என் மேசை மேல் ஒரு பென் டிரைவை வைத்தாய்.

“பொங்கலுக்கு முன்னாடி நீ வெளிய போயிருந்தப்ப உன்துலேர்ந்து எல்லாத்தயும் என் பழைய டிஸ்க்ல காப்பி போட்டு வெச்சேன். மறந்தே போச்சி. உன் காப்பி கெடைக்கலன்னா இத வெச்சிக்க” என்றாய்.

திறந்து பார்த்தேன். என் கோப்புகள்தான். அதே பெயர்கள், அதே பட்டியல். பிழைத்தோம் என்று இருந்தது எனக்கு. நன்றிகூடச் சரியாகச் சொல்லவில்லை. எங்கே பேச்சு நீண்டால் என் பொய் வெளியே வந்துவிடுமோ என்று பயம்.

நாலே மாத நோயில் நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. கருமாதி முடிந்து சில நாள் கழித்து உன் வீட்டுக்காரர் ஒரு கட்டைப் பையோடு கடைக்கு வந்தார். “இது உங்ககிட்டதான் இருக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க” என்றார். உள்ளே எருமை. கூடவே தேதி ஒட்டிய அந்த டப்பா. ரொம்ப நாள் நான் டப்பாவைத் தொடவில்லை. போன தை மாதம் ஒரு மனு காணாமல் போக, பழைய டிஸ்க்கில் இருக்கும் என்று எடுத்துப் பொருத்திப் பார்த்தேன்.

அதில் என் கோப்பு ஒன்றுகூட இல்லை. நீ முதல் வருடம் அடித்த கடிதங்கள், உங்கள் வீட்டுக் கல்யாணப் போட்டோக்கள், அவ்வளவுதான்.

பென் டிரைவை மறுபடி எடுத்தேன். இத்தனை நாள் யார் தேதியைப் பார்த்தார்கள்? எல்லாக் கோப்புகளும் அந்த மூன்று வாரத்துத் தேதிகள். சாயங்காலம் ஐந்து, ஆறு, ஏழு மணி. அலமாரியில் நாம் வைத்திருந்த மனு நகல்களை எருமையோடு சேர்த்துப் பையில் எடுத்துப் போய், ஊரில் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் திரும்ப அடித்திருக்கிறாய். நகல் கட்டை இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தாளிலும் கடைசி வரியில் நான் அடித்த ‘கேட்டு கொள்கிறேன்’ இருக்கிறது. நடுவில் ‘க்’ எங்கே என்று நீ போட்ட சிவப்புச் சுழி இருக்கிறது. அந்த ஒரு எழுத்துக்காக எத்தனை நாள் என் மண்டையில் குட்டியிருப்பாய். அப்பேர்ப்பட்டவள், பென் டிரைவில் அத்தனை மனுவிலும் அதை ‘கேட்டு கொள்கிறேன்’ என்றே அடித்திருக்கிறாய். என்னுடைய கோப்பு என்று நான் நம்ப வேண்டுமே, அதற்காக.

வண்டிப் பாதை மனுவில் மட்டும் உன் கை உன் பேச்சைக் கேட்கவில்லை. அதில் ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்று சுத்தமாக இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு கடையைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சர்வீஸ்காரரைப் போய்க் கேட்டேன். “நீங்க வந்த அன்னிக்கே சாயந்தரம் அவங்களும் வந்தாங்கக்கா. ஒரு வழியும் இல்லியான்னு கேட்டாங்க. இல்லன்னேன். நான் வந்தத அவகிட்ட சொல்லாதீங்கன்னுட்டுப் போனாங்க” என்றார்.

கடலை பறிக்கப் போனாயாம். எந்த வாயால் உன்னை அப்படிக் கேட்டேனோ.

இப்போது ஊரில் நிறைய பேர் உன்னைப் போல ஆகிவிட்டார்கள். பள்ளியில் கொடுத்த லேப்டாப்பை ரேம் போட்டு, டிஸ்க் மாற்றி, தம்பி தங்கைக்குத் தருகிறார்கள். எங்கோ ஒரு கம்பெனி, குழந்தைகள் பொம்மையைப் பிரித்துச் சேர்ப்பதுபோல ஒவ்வொரு பாகத்தையும் நாமே மாற்றிக்கொள்ளும் லேப்டாப் விற்கிறதாம். கடைக்காரர் தன் போனில் படம் காட்டினார். “அது நம்மூருக்கு எப்ப வரும்னு வாரத்துக்கு ரெண்டு பேராச்சும் கேக்கறாங்க” என்றார். கேட்கட்டும். கேட்டால்தானே செய்வார்கள். நான் போனது எருமைக்கு மறுபடி ஒரு விசைப்பலகை வாங்க. அந்தக் கீழ்பென்னாத்தூர் அம்மா, என் கையில் இருந்த அந்தக் கறுப்புப் பாரத்தைப் பார்த்துவிட்டு என்னிடமே கேட்டார். “நீங்க இன்னாங்க சொல்றீங்க? இவ ஒல்லியா இருக்கறதக் கேக்கறா.”

“கழட்டற மாதிரி இருக்கறதே வாங்குங்க” என்றேன். மகள் என்னை முறைத்தாள். அந்த முறைப்பு எனக்குத் தெரியும். அந்த வயதைத் தாண்டிய பிறகும் நான் முறைத்தவள்தான்.

உனக்கு அன்றே தெரியும் என்பது இப்போது எனக்கும் தெரியும். இருந்தாலும் என் வாயால் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். காப்பி எடுக்கலடி. வீட்ல ஒண்ணும் இல்ல. பொய் சொன்னேன்.

திங்கட்கிழமைகளில் இன்றும் நீ அடித்துக் கொடுத்த கோப்புகளைத்தான் திறக்கிறேன். பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டு, அச்சுக்குப் போகும் முன் கடைசி வரிக்கு இறங்கி, அச்சாகும் பிரதியில் மட்டும் அந்த ‘க்’கைப் போடுகிறேன். மனுவுக்கு மனு, ஒவ்வொரு தடவையும். கோப்பிலேயே ஒரேயடியாகத் திருத்தி வைத்துவிட்டால் வேலை மிச்சம்தான். திருத்த மாட்டேன். அந்தத் தப்புகள் நீ அடித்தவை.