தவறவிடுவதற்காகச் சுட்டது

சிதம்பரம்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள இளமதிக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் டப்ளின் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு நடமாடுவாய் என்று நம்புகிறேன். முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை, கீரப்பாளையத்துச் சித்தப்பாவைத் தொலைபேசியில் இருமுறை கலந்தாலோசித்து, எதிர்வாதங்களையும் பொறுமையாகக் கேட்ட பிறகு, உன் அப்பா வேட்டியை விடுத்து பேண்ட் அணிவது என்று முடிவெடுத்தார். பணி ஓய்வுக்குப் பின் அவர் எடுத்த முதல் பெரிய முடிவு அது. காரணம், அறிவழகனின் அப்பா ஞானசேகரன் எங்களைக் கடலூருக்குக் கூப்பிட்டிருந்தார். பெண்ணைப் பெற்றவர்களோடு ஒருநாள் பழகிப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்வேன் என்று அவர் சொன்னது உனக்குத் தெரியும். பழகுவதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் வீடு அல்ல. கேப்பர் மலைப் பக்கம் முந்திரித் தோப்புகளைத் தாண்டி ஒரு துப்பாக்கி சுடும் மன்றம் இருக்கிறது, அதற்கு அவர்தான் தலைவர்.

அங்கே சுடும் பொருளுக்குக் களிமண் புறா என்று பெயர். புறாவுக்கு உரியது எதுவும் அதில் இல்லை, காபி சாஸரைக் கவிழ்த்தது போல ஒரு தட்டு. சுடுகிறவர் குரல் கொடுத்ததும் ஒரு மிஷின் அதை வானத்தில் வீசுகிறது, கீழே விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். பஸ்ஸிலேயே அப்பாவிடம் சொல்லிவிட்டேன், நாம் பெண் வீடு, அவரைவிட ஒரு தட்டுகூட ஜாஸ்தி உடைக்கக் கூடாது என்று. அந்தக் கவலையே வேண்டாம் என்றார், சொன்னபடியே நடந்துகொண்டார். அவர் காட்டிய மரியாதையில் ஒரு தட்டுக்கும் சேதமில்லை. சங்கடம் என்னவென்றால் ஞானசேகரனும் ஒன்றையும் உடைக்கவில்லை. தட்டையே கூர்ந்து பார்த்து, நேராக அதையே குறிவைத்துச் சுடுவார். அது பத்திரமாகப் போய்ப் புல்லில் இறங்கும். அவர் மனைவி பொன்னி என் காதோடு, “எத்தினி வருசமா சுடுறாரு தெரியுமா, உடையாத தட்டப் பொறுக்கிப் பொறுக்கி என் இடுப்பு போனதுதான் மிச்சம்” என்றார். காதோடு சொன்னாரே தவிர, எல்லோருக்கும் கேட்டது.

அந்த நேரம் பார்த்து ஞானசேகரன் என் பக்கம் திரும்பி, “சம்மந்தியம்மா, நீங்களும் சும்மா ஒரு தபா சுட்டுப் பாருங்க” என்றார். அவர் வாயால் சம்மந்தியம்மா என்று வந்ததே எனக்குப் போதும். முறைப்படி இரண்டு தரம் மறுத்தேன். மூன்றாவது தரமும் மறுத்தால் அவமரியாதை, காபிக்கு உள்ள சட்டம்தான் துப்பாக்கிக்கும். எப்படியாவது தவறவிட வேண்டும் என்று, பறக்கிற தட்டை விட்டுவிட்டு, அதற்கு வெகு முன்னால் ஒன்றுமே இல்லாத வானத்தில் சுட்டேன். தட்டு தானாக அங்கே வந்து தூளானது. இன்னொன்று சுடச் சொன்னார்கள். அது முன்னதைவிட வேகமாக வந்தது, நானும் இன்னும் தள்ளி, இன்னும் வெறுமையான இடமாகப் பார்த்துச் சுட்டேன். அதுவும் போயிற்று. குண்டு போய்ச் சேர்வதற்குள் தட்டு நகர்ந்துவிடும், அதனால் முன்னால்தான் சுட வேண்டும், டீச்சரம்மாவுக்குப் பிறவியிலேயே அந்தக் கணக்கு தெரிகிறது என்று பயிற்சியாளர் உரக்கப் பாராட்டினார். தலைவரிடம் இதை ஏன் இதுவரை சொல்லவில்லை என்று பொன்னி கேட்டதற்கு, “அவர் தலைவராச்சே” என்றார் பயிற்சியாளர். பயந்துபோய் மூன்றாவதை நேராகவே குறிவைத்தேன், தப்பித்துப் போனது. “எனக்காவ விட்டுக் குடுத்தீங்களாக்கும்” என்று சொல்லிவிட்டு ஞானசேகரன் துப்பாக்கியை உறையில் போட்டார். சாப்பாட்டுக்கு வஞ்சிரம் வறுத்திருந்தார்கள், யாரும் இரண்டாவது துண்டு கேட்கவில்லை. கிளம்பும்போது அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார், “சரிங்க டீச்சர், யோசிச்சு சொல்றேன்” என்று.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஞானசேகரன் கூப்பிடும் நேரம் லைன் பிஸியாக இருந்துவிடும் என்று அப்பா என்னைப் போனைத் தொட விடுவதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். மணி அடிக்கிறதா என்று பார்க்கப் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அப்பாவே கூப்பிடுகிறார், நான் பதறி எழுந்து ஓடுகிறேன். நான் அலமாரியை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கிவிட்டேன். நாற்பது பேர் வகுப்பில் ஒருவனைக்கூட முதல் பரிசு வாங்க வைக்காத நான், உன் கல்யாண விஷயத்திலா வாங்கித் தொலைக்க வேண்டும். அறிவழகனிடம் இதைச் சிரிப்பாகச் சொல்லாதே, எவ்வளவு நல்ல பையனானாலும் அவர் பெற்ற பிள்ளை. அவனாக அப்பாவிடம் பேசிச் சரிக்கட்டவும் வேண்டாம், அது இன்னும் முறுக்கிக்கொள்ளும்.

நீங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ், சண்டையைச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துக்கொண்டு, நெடுநாள் நிறைவாக வாழ வேண்டும். வெயில் இல்லாத ஊர், டாக்டர் சொன்ன மாத்திரையை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
மலர்க்கொடி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஞானசேகரன் கூப்பிட்டார். சம்மதமாம். தை மாதம் நிச்சயதார்த்தம், சிதம்பரத்தில். மன்றத்துக்குப் புதுத் தலைவர் பார்க்கிறார்கள்.