உறுத்தாத கண்

எம். புதுப்பட்டி
3.2.2024

அன்பு மகள் ஷைலாவுக்கு,

கர்த்தருடைய கிருபை உங்கள் இருவரோடும் இருப்பதாக. நீ தருண்குமாரைக் கல்யாணம் செய்த நாள் முதல் அப்பா வீட்டில் உன் பேச்சையே எடுக்க விடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பதிலையும் இங்கேயே போடு.

கிறிஸ்மஸ் சமயத்தில் நெற்றியிலும் வலது கண்ணிலும் அக்கி வந்து துடித்துப்போனேன். இப்போது ஆறிவிட்டது. கண்ணில் வலியே இல்லை, மங்கல்தான். நேற்று சாக்பீஸ் தூள் விழுந்ததுகூடத் தெரியவில்லை. பிள்ளைகள்தான், “டீச்சர், கண்ணு ரத்தமாச் செவந்திருக்கு” என்றார்கள்.

சாப்பிடாமல் ஆஸ்பத்திரி டியூட்டிக்கு ஓடாதே.

அம்மா
ஞானபூரணி

சென்னை
8.2.2024

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பா எடுத்து, என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். அதனால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

தூள் விழுந்தும் உறுத்தவில்லை என்றால், அக்கி கருவிழி நரம்பைக் கெடுத்திருக்கிறது. அந்தக் கண்ணில் புண் வந்தாலும் தெரியாது. புண் ஆழமாகிக் கருவிழியில் ஓட்டை விழுந்த பிறகு வந்த ஒருவரை எங்கள் வார்டில் பார்த்திருக்கிறேன். நாளைக்கே மதுரைக்குப் போங்கள். நான் சொன்னதாக அப்பாவிடம் சொல்லாதீர்கள். சொன்னால் கூட்டிப்போக மாட்டார்.

பயமாக இருக்கிறது அம்மா.

ஷைலா

மதுரை
4.3.2024

ஷைலாவுக்கு அப்பா எழுதுவது.

அம்மாவை இங்கே கண் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று வாரம் ஆகிறது. முதல் நாள் டாக்டர் பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டார். தொட்டு எடுத்த பிறகும், “எப்ப சார் தொடுவீக?” என்று கேட்டாள்.

“யார் உங்கள அனுப்புனது? இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா கண்ணு போயிருக்கும்” என்றார் டாக்டர். அம்மா பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

அவள் ரத்தத்திலிருந்தே சொட்டு மருந்து எடுத்து விடுகிறார்கள். இமையைப் பாதி தைத்திருக்கிறார்கள். புண் இன்னும் ஆறவில்லை. இடது நெற்றி நரம்பைத் தோலுக்கடியில் கொண்டுவந்து இந்தக் கண்ணில் சேர்க்கலாமாம். உணர்ச்சி திரும்ப ஒரு வருடம்கூட ஆகுமாம். திரும்பாமலும் போகலாமாம்.

பட்டாசு கம்பெனியில் முப்பது வருடம் ஃபோர்மேனாக இருந்திருக்கிறேன். புகையைக் கண்டால் ஆட்களை வெளியே விரட்டத் தெரியும். இங்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்த பேப்பர் காலையிலிருந்து என் சட்டைப்பையில் இருக்கிறது.

உனக்குப் போன் போடத்தான் நினைத்தேன். அன்றைக்கு உன் குரலைக் கேட்டு வைத்தவன், இன்றைக்கு என்ன பேசுவேன்?

நீ வந்து சொன்னால்தான் கையெழுத்துப் போடுவேன், தாயி. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்குமா என்று கேள். இரண்டு பேரும் வாருங்கள்.

அப்பா
ஞானமுத்து