நடுவுல உன் பேரு, ஓரத்துல என் தம்பி பேரு

என் தங்கமே செல்வம்,

உன்னை வெட்டிப் போட்டு ஒன்றரை வருஷமாச்சு. எத்தனை வெட்டுன்னு உன்னைக் குளிப்பாட்டின என் கைக்குத் தெரியும். ரொம்ப வலிச்சுதாடா? இல்ல, முதல் வெட்டுலயே போயிட்டியா?

எதிர்வயல் ராசவேலு, வழியில பார்த்ததும் திடீர்னு வந்த சண்டைன்னு கோர்ட்டுல சொல்றான். நாளைக்கு நான் சாட்சி சொல்லணும். "ஒண்ணு கேட்டா ஒம்பது சொல்றீங்களே ஆயா"ன்னு வக்கீலம்மா தலையில அடிச்சுக்கிறா.

அதனால உன் மவ தேன்மொழி காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, நடுவுல வட்டம் வரைஞ்சு உன் பேரை எழுதினா. "வரிசை பார்க்காத ஆயா, மனசுல வர்றதச் சொல்லு." நான் சொல்லச் சொல்ல, வட்டத்துலேர்ந்து பூசணிக்கொடி மாதிரி கோடு இழுத்தா. மன வரைபடமாம், காலேஜுல சொல்லிக் குடுத்தாங்களாம். வரப்புத் தகராறு ஒரு கோடு. அருவா ஒரு கோடு. அவன் பொண்டாட்டி பொங்கலன்னைக்கு என்னை ஏசினது ஒரு கோடு; அதையும் நான் விடல.

தண்ணி முறைக்கு ஒரு கோடு. ராசவேலு கண்ணுல படாம பாய்ச்சலாம்னு நீ வியாழக்கிழமை முறையைச் செவ்வாய்க்கு மாத்திக்கின. யாருக்கும் சொல்லாதம்மான்னு சொல்லிட்டுதான் போன; அந்தச் செவ்வாய்க்கிழமையே வழியில உன்னை வெட்டிட்டான்.

"அப்ப அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? நீ யார்கிட்ட சொன்ன ஆயா?"

அன்னைக்குக் காலையில கூழ் குடிக்க வந்த என் தம்பி கோவிந்தன்கிட்ட சொன்னேன். கூடப்பொறந்தவன்தானேன்னு சொன்னேன். பாதிக் கூழை வச்சிட்டு எழுந்து போனான். உன் பொணத்து மேல விழுந்து ஜாஸ்தி அழுதவனும் அவன்தான். அவன் ஓட்டுறது ராசவேலு டிராக்டர். தேன்மொழி ரெண்டு பேரையும் ஒரு கோட்டால சேர்த்தா.

இன்னைக்கு மத்தியானம் அவன் வந்தான். தாளை எதிர்ல போட்டேன்.

"இன்னாக்கா இது, எட்டுக்கால் பூச்சியாட்டம்?"

"நீ எங்க ஒக்காந்துகினு இருக்கன்னு பாரு."

தன் பேரு மேல வெரலை வச்சான். "காலைத்தான் ஒடைப்பான்னு நெனைச்சேன்க்கா. கொல்லுவான்னு தெரியாது."

உலக்கையை எடுத்து அவன் கால்ல ஒரு போடு போட்டேன். முட்டி ஒடைஞ்ச சத்தம் தெருவுக்கே கேட்டுது. தேன்மொழி பிடிக்கலேன்னா மண்டையையும் பொளந்திருப்பேன்.

என் பொறந்த ஊரு கச்சிராயபாளையத்துச் சொந்தமெல்லாம் ஓடி வந்துச்சு. "அவனையும் ஜெயிலுக்கு அனுப்பிட்டா, நீ செத்தா பொறந்த வூட்டுக் கோடித்துணி யாரு கொண்டாந்து போத்துறது?"ன்னு கேக்குறாங்க.

கோடி இல்லாமலே என்னை எரிக்கட்டும், செல்வம். நாளைக்குக் கூண்டுல ஏறி என் தம்பி பேரைச் சொல்லுவேன். சொல்லாதன்னு நீ சொல்லியும் அவன்கிட்ட சொன்னவ நான்தான்னும் சொல்லுவேன். ஒண்ணையும் மறைக்க மாட்டேன்.

உன்னைப் பெத்தவ,
அம்மா