நான் போடாத கையெழுத்து

என் ராசா மாரி,

உன் பெயர் இன்னும் என் ரேஷன் கார்டில்தான் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ போன பிறகு நடந்த கூத்து அம்புட்டும் அதிலிருந்துதான் கிளம்பியது. கேட்டால் நீ சிரிப்பாயா, முறைப்பாயா?

வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நடக்கிறது. காலை ஷிஃப்டுக்கு மில்லுக்குப் போன உன்னை, எடைமேடையிலிருந்து திரும்பிப் பார்க்காமல் ரோட்டில் ஏறிய பருத்தி லாரி அடித்துப் போட்டதல்லவா, அந்த லாரிக்கு எதிராக நஷ்டஈட்டு மனு. போட்டிருப்பது ஜோதி. 'இறந்தவரின் மனைவி' என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அம்மா போனபோது உனக்கு எட்டு வயது, எனக்கு இருபது. அன்றிலிருந்து உனக்குச் சோறு போட்டவளின் பெயர் அந்த மனுவில் எந்த மூலையிலாவது இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன். இல்லை. "பொண்டாட்டி இருக்கையில அக்கா பேரு வராதும்மா" என்றார் ஜோதியின் வக்கீலம்மா. சட்டம் எழுதினவனுக்கு அக்காவே இல்லை போலிருக்கிறது.

எனக்கு ஜோதியைப் பிடிக்காது. உனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், நம் தெருவுக்கே தெரியும். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். திட்டுவதற்கு ஒரு காரணம் கொடுத்திருந்தால் செத்த நேரம் திட்டிவிட்டு ஆறியிருப்பேன். மலைக்கோயிலில் நீ அவளுக்குத் தாலி கட்டிய அன்று எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேனே, காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. போர்வைக்குள் படுத்துக்கொண்டு, நல்ல நேரம் முடிந்துவிட்டதா என்று மணி பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தடவை பால்கோவா வாங்கிவந்தாய். என் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தாய். பைக்குள் இன்னொன்று இருந்தது. நீ முகம் கழுவப் போன நேரத்தில் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தேன். அவளுடையது கனமாக இருந்தது. நாற்பது வயதுப் பொம்பளை செய்கிற காரியமா இது? செய்தேன். அன்றைக்கு முழுக்க உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ காரணம் புரியாமல் சுற்றிச் சுற்றி வந்தாய்.

அந்தப் பேப்பரும் அப்படித்தான். என் கார்டிலிருந்து உன் பெயரை எடுத்தால்தான் நீயும் அவளும் புதுக் கார்டு வாங்க முடியும். நீயே விண்ணப்பம் வாங்கி, எல்லாம் எழுதி, கார்டுக்குத் தலைவி நான் என்பதால் என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு வந்து நின்றாய். "யக்கா, ஒரு கையெழுத்துதான்" என்றாய். "கண்ணாடியக் காணோம்லே" என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேனா எழுதவில்லை. அதற்கடுத்த வாரம் எனக்குத் தலைவலி. அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறேன், பொறவு பார்ப்போம் என்றேன். ஒன்றரை வருடம் உன்னை அலைக்கழித்தேன். நீ ஒரு நாள்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. ஏன் கோபிக்கவில்லை மாரி? ஒரு சத்தம் போட்டிருந்தால் பயந்து போட்டிருப்பேனே.

லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் பிடித்தது அதைத்தான். உங்கள் கல்யாணம் பதியவில்லை. அவள் ஊரான தேவதானத்திலிருந்து வீட்டார் யாரும் கல்யாணத்துக்கு வரவில்லை. மில் நண்பர்கள் வந்து சாட்சி சொன்னால், சிநேகிதர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்கிறார். போட்டோவை நம்ப முடியாதாம். இறந்தவர் பெயர் அக்கா கார்டில் இருக்கிறது, அக்கா வீட்டில்தான் இருந்திருக்கிறார், இந்தப் பெண் மனைவியே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதைக் கேட்டு ஜோதி கோர்ட் வராண்டா தூணில் சாய்ந்து நின்றாள். அழவில்லை. தாலி இருந்த கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று உன்னிடமாவது உண்மையைச் சொல்கிறேன். இனித்தது. அதற்குத் தகுந்தாற்போல் சித்தப்பா வேறு மதுரையிலிருந்து வந்து இறங்கினார். "ஏட்டி பேச்சி, அவ பொண்டாட்டி இல்லன்னு ஆயிட்டா நீதான் வாரிசு. நீ வாய மூடிட்டு இரு, போதும். மனுவுல உன் பேரு வரும்" என்றார். பணம் என்ன பெரிய பணம், என் பாண்டேஜ் துணிக் கம்பெனிச் சம்பளம் எனக்குப் போதும். ஆனால் கோர்ட்டில் டவாலி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான், மாரிக்கு உரியவள் யார் என்றால் நான் எழுந்து நிற்பேன். இரண்டு நாள் அந்த நினைப்பிலேயே துணி மடித்தேன்.

வக்கீலம்மா வீட்டுக்கே வந்தார். "மாரி கைப்பட எழுதுன பேப்பர் ஏதாவது இருக்காம்மா? ஜோதிய மனைவின்னு எழுதுனது?" என்று கேட்டார். "தேடிப் பாக்கேன்" என்றேன். அவர் போனதும் அரிசி டின்னை நகர்த்தினேன். அதுவரைக்கும் அந்தப் பேப்பரை நான் படித்ததே இல்லை. நீக்கக் காரணம், திருமணம். மனைவி பெயர், ஜோதி. வீட்டு விலாசம், தேதி, உன் கையெழுத்து, எல்லாம் இருந்தது. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம். அதில் நீ முதலில் 'மகன்' என்று எழுதியிருக்கிறாய். பிறகு அடித்துவிட்டு, பக்கத்தில் 'தம்பி' என்று எழுதியிருக்கிறாய்.

அடப்பாவி. இதை ஒன்றரை வருடம் அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருந்தேனே.

கூண்டில் ஏறினேன். பேப்பரைக் கொடுத்தேன். இன்சூரன்ஸ் வக்கீல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க கையெழுத்து இல்லையே. ஒன்றரை வருஷமா ஏன் போடல? அவர் உங்க கூடவே இருந்ததாலதானே?" என்று கேட்டார். ஜோதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் என் பக்கம் வந்துவிடும்.

"பொறாமைங்கய்யா" என்றேன்.

ஜட்ஜய்யா நிமிர்ந்தார். "என்னம்மா?"

"பொறாமை. அவன் அவகூடத்தான் குடும்பம் நடத்துனான். வீடு வாடகைக்கு எடுத்து இருந்தாவ. கார்டுலயாவது எங்கூட இருக்கட்டும்னு நாந்தான் கையெழுத்துப் போடாம இருந்தேன். அவ அவம் பொண்டாட்டிதான். எனக்குப் பிடிக்காத பொண்டாட்டி."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜய்யா சிரிக்கவில்லை. 'மேற்படி ஜோதியின் மீது எனக்கு இருந்த பொறாமையின் காரணமாகவே பெயரை நீக்காமல் வைத்திருந்தேன்' என்று நிதானமாகச் சொல்லச் சொல்ல டைப் அடித்தார்கள். படித்துக் காட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கண்ணாடி இருந்தது, பேனாவும் எழுதியது. போட்டேன். தீர்ப்பு இன்னும் வரவில்லை. இனி அவள் மனைவி இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் வக்கீலம்மா.

ராஜபாளையம் பஸ்ஸில் ஜோதி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நன்றி கின்றி ஒன்றும் சொல்லவில்லை, நல்ல வேளை. ரொம்ப தூரம் போன பிறகு, "மதினி, அந்தப் பேப்பர் திரும்பக் கிடைக்குமா? அவிய கையெழுத்துல எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. எல்லாம் போன்லதான் பேசுவாவ" என்றாள். என்னிடம் உன் நாலாம் வகுப்பு நோட்டிலிருந்து இருக்கிறது. அதை நினைத்து ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்த்தி உட்கார்ந்தேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன்.

கோர்ட்டில் கொடுப்பதற்கு முன் அந்தப் பேப்பரை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். எல்லாம் நன்றாக விழுந்திருக்கிறது. நீ அடித்த இடம் மட்டும் ஒரே கறுப்பாக இருக்கிறது. அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும், இந்த ஜெராக்ஸைப் பார்க்கிற வேறு யாருக்கும் தெரியாது. வழக்கு முடிந்ததும் மனுப் போட்டால் அசலைத் திருப்பித் தருவார்களாம். நானே போய் வாங்குவேன்.

வாங்கி அவளிடம் கொடுத்துவிடுவேன், மாரி. இது சத்தியம். கொடுக்கும்போது வயிறு எரியும், அது வேறு விஷயம். அசல் அவளுக்கு. கறுப்பு விழுந்தது எனக்கு.

இப்படிக்கு,
இந்தத் தடவை உடனே கையெழுத்துப் போட்ட
உன் அக்கா,
பேச்சியம்மாள்