ஓட்டில் தெரிந்த எண்

தன்லியின்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். கோலாலம்பூரில் நீங்களும் நலமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். இதை முறைக்காக எழுதவில்லை, உண்மையாகவே வேண்டுகிறேன். ஆனால் இதற்குக் கீழே வரப்போவதை மரியாதையோடு எழுத முடியுமா என்று எனக்கே தெரியவில்லை.

நான் இப்போது தாமுவே வீட்டில் இல்லை. வியாழக்கிழமை நம் ஆமையைப் பிரம்புக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு தன்லியினுக்கு, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். விஜயா சண்டை போட்டாள், ஆமையைத் திருடிக்கொண்டு போய்விட்டாள் என்று உங்கள் அக்கா தைலம்மாள் இதற்குள் சொல்லியிருப்பார். சண்டை போட்டது நிஜம். போனில் பேசினால் பாதியிலேயே நெட் அறுந்துபோகிறது, திரும்பக் கிடைப்பதற்குள் என் கோபம் ஆறிவிடுகிறது. இந்தத் தடவை அது ஆற வேண்டாம் என்றுதான் கடிதம் எழுதுகிறேன். தன் மகளைப் பார்க்க அங்கே வரும் பக்கத்து வீட்டுக் கரீமா அக்கா கையில் கொடுத்தனுப்புகிறேன்.

புறப்பட்ட அன்று நீங்கள் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. முதலாளியைப் பார்த்துக்கொள் என்றீர்கள். வேலைவெட்டி இல்லாத முதலாளி மாதிரி நடக்கிறது என்று நீங்கள்தானே அந்த ஆமைக்கு அப்படிப் பெயர் வைத்தீர்கள்? நானும் பார்த்துக்கொண்டேன். மழைக்காலத்தில் அதன் ஓட்டில் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றேன். உங்கள் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, இது நாற்பத்தேழு என்றார். அன்று சாயங்காலம் தெருவே கட்டும் இரண்டு இலக்க டூடி லாட்டரியில் நாற்பத்தேழே விழுந்து தொலைத்தது.

அதோடு போயிற்று என் நிம்மதி. விடிந்தால் தெருவே நம் வாசலில் நின்றது. முகத்துக்குப் பூசும் தனக்காப் பட்டையை அரைத்துப் பூசித் துடைத்தால் எண் தெளிவாகத் தெரியும் என்று பர்மியப் பெண் ஒருத்தி சொன்னாள், ஆளாளுக்குப் பூசினார்கள். ஜெயித்தவர்கள் பகோடாவில் புத்தர் சிலைக்கு ஒட்டுவதுபோல் அதன் முதுகில் தங்க ரேக்கு ஒட்டினார்கள். நம் தமிழ் ஆட்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? கூர்மாவதாரம் என்று மஞ்சளையும் எண்ணெயையும் கொண்டுவந்து கொட்டினார்கள். சாமி ஓடிப்போய்விடக் கூடாது என்று பின்னங்காலில் நைலான் கயிறு வேறு. திட்டு பரவப் பரவ எல்லோருக்கும் சந்தோஷம், புது எண் வருகிறதாம். நாற்றம் அடிக்கிறதே என்று நான் சொன்னதற்கு, எனக்குப் பக்தி போதாது என்று பதில் வந்தது.

புதன்கிழமை நான் கடைத்தெருவிலிருந்து திரும்பி வந்தபோது, உங்கள் அக்கா காய் நறுக்கும் கத்தியின் முனையால் ஓட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. முதலாளி தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். உங்கள் அக்கா நிதானமாகச் சொன்னார், நானாகச் செய்யவில்லை, உன் புருஷன்தான் நேற்று நீ வீடியோவில் காட்டியதைப் பார்த்துவிட்டு, அப்புறம் எனக்குப் போன் போட்டு, மெல்லச் சுரண்டிப் பாருங்கள், அடியில் இன்னொரு எண் இருக்கும் என்றான் என்று.

அத்தான், அவர்கள் செய்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கடல் தாண்டிப் போனவர் அங்கே உட்கார்ந்துகொண்டு அதைச் சுரண்டச் சொன்னதை எப்படிப் பொறுப்பது? அந்த வீடியோவில் ஓட்டைக் காட்டிக்கொண்டு நின்றது என் கைதானே. அந்தக் கை எலும்பும் தோலுமாக இருந்தது உங்கள் கண்ணில் படவே இல்லையா?

வருகிற வழியில் டாக்டரம்மாவிடம் காட்டினேன். ஓடு என்பது செத்த மரக்கட்டை இல்லையாம், உயிருள்ள எலும்பாம், தொட்டால் தெரியுமாம், வலிக்குமாம். எண்ணெயும் ரேக்கும் ஈரத்தை அடைத்து வைத்ததில் கீழே அழுகிவிட்டது. கயிறு அறுத்த காலில் புழு. அவர் ஒவ்வொன்றாக எடுத்தார், நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். பிழைக்குமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார், பிழைத்தாலும் ஓடு வளர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்றார்.

தினமும் புண்ணைக் கழுவித் துடைத்து, அயோடின் போட்டு, காய்ந்த காகிதத்தின் மேல் விடுகிறேன். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று முதல் நாள் எங்களை வாசலிலேயே நிறுத்திய அம்மா, இப்போது வேலியில் செம்பருத்தி இலை பறித்து வந்து அதன் எதிரே குந்திக்கொண்டு கெஞ்சுகிறார். இன்று காலை ஒரே ஒரு இலையைக் கடித்தது. நான் அழுதுவிட்டேன்.

உங்கள் அக்கா வந்து கூப்பிட்டாலும் தாமுவேக்குத் திரும்பமாட்டேன். கூப்பிட வேண்டியவர் அவர் இல்லை.

வெயிலில் நின்று வேலை செய்கிறீர்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அம்மன் உங்களுக்கு ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும். எண் கேட்பதற்காக எனக்குப் போன் செய்யாதீர்கள். எப்படி இருக்கிறது, வலி குறைந்ததா, சாப்பிட்டதா என்று கேட்பதானால் மட்டும் செய்யுங்கள்.

ஆமையைத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத
விஜயகுமாரி