எண்ணிக்கை சொல்லாத அட்டவணை

ஜூன் 16, திங்கள்

பரமசிவன் அண்ணாச்சியின் ஆட்டுக்குட்டிகளுக்கு இரண்டாவது எடை இன்று போட்டாயிற்று. இரண்டு மாதம் முருங்கை இலை தின்ற குட்டிகள். தராசில் ஏற ஒரே அழிச்சாட்டியம். என் சுடிதார் பாழ்.

அண்ணாச்சியின் கண்டிஷன் பழையதுதான். "எம்மா, எத்தன உருப்படின்னு மட்டும் வாயால சொல்லிராதிய. கண்ணு பட்டுரும்." அதனால் என் அட்டவணையில் வரிசை எண் கிடையாது. பெயர்தான். சுட்டி, மயிலை, பொட்டுக்காரி...

எங்கள் முருங்கைத் தீவன ஆய்வுக்குச் சம்மதித்த ஒரே ஆள் அவர். எடை கூடவில்லை என்றால் வியாழக்கிழமை சந்தைக்கு ஓட்டிவிடுவாராம். அப்புறம் ஆய்வு ஏது?

ஜூன் 17

கூடிய எடையின் சராசரி கேட்டேன். கணக்குப் போடும் ஆர் (R) மென்பொருள் சொன்ன பதில்: NA. அதாவது, இல்லை.

ஜூன் 18, புதன்

இன்றும் NA. ஐந்தாம் வகுப்புக் கணக்கு இது! கால்குலேட்டரில் தட்டிவிடலாம்தான். ஆனால் அறிக்கைக்கு ஆரில் போட்டதுதான் வேண்டும். தவிர, எனக்கு ரோஷம்.

மதியம் அண்ணாச்சி போன். "கூடிச்சா, இல்லியா? என் மச்சினன் சிரிக்கான்." நாளைக்குச் சொல்லுதேன் என்றுவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ, தெரியவில்லை.

கூடப் படித்த, கடையநல்லூரில் இருக்கும் பாஜிலாவைப் போனில் கூப்பிட்டுப் புலம்பினேன். "ஏட்டி வேலு, நீ அட்டவணையிலருந்து உருவுனது வெறும் எண்களா, அதுவும் அட்டவணையான்னு பாத்தியா?"

பார்த்தேன். அட்டவணை! ஒற்றை அடைப்புக்குறி [ ] போட்டு எடை நெடுவரிசையைக் கேட்டிருக்கிறேன். அது ஒரே நெடுவரிசை உள்ள அட்டவணையாகவே தந்திருக்கிறது. அரிசி கேட்டால் சாக்கோடு கொடுத்த மாதிரி. சராசரிக்கு வேண்டியது வெறும் எண்கள், ஆரின் பாஷையில் வெக்டர். இரட்டை அடைப்புக்குறி [[ ]] போட்டேன்.

2.6. இரண்டு கிலோ அறுநூறு கிராம் கூடியிருக்கிறது! நாற்காலியிலிருந்து குதித்தேன். நல்லவேளை, அறையில் யாருமில்லை.

ஜூன் 19, வியாழன்

காலையிலேயே ஓடினேன். அண்ணாச்சி முகத்தில் சிரிப்பே இல்லை. "சராசரி கெடக்கட்டும். எந்தக் குட்டிக்கு எவ்வளவு?"

பெயர் நெடுவரிசையையும் அதே மாதிரி உருவி, எடையோடு ஒவ்வொன்றாக வாசித்தேன். சுட்டி மூன்று கிலோ. பொட்டுக்காரி இரண்டே முக்கால். மயிலைக்கு ஒரு கிலோதான். "அவ சோம்பேறி, திங்கவே மாட்டா." கடைசிப் பெயர் முடிந்ததும், "ஒண்ணும் விட்டுப்போவல" என்றார். முதுகுக்குப் பின்னால் விரல் மடக்கிக்கொண்டே இருந்திருக்கிறார், மனுஷன்!

இன்று சந்தைக்கு யாரும் போகவில்லை.

ஜூலை 2

அண்ணாச்சி ஆபீசுக்கே வந்தார். கையில் கிழித்த காலண்டர் தாள். சிரித்தாரே, அந்த மச்சினனின் ஆடுகள். ஒன்றின் கீழ் ஒன்றாகப் பெயர்கள் மட்டும், வரிசை எண் இல்லாமல். அடியில் மச்சினனே எழுதியிருந்தார்: "எடை போட எப்ப வாரிய?"

எத்தனை பெயர் என்று நானும் எண்ணவில்லை.